பதினோராம் கார்பனும் ரொட்டிப் பூசணமும்

பெரியோர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இயங்கிவரும் குன்னூரில் நுண்ணுயிரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நொதியும் உங்களுக்குப் புதிதன்று. தேயிலைத் தொழிற்சாலையில் நசுங்கிய கொழுந்து செம்பழுப்பாக மாறுவது, அந்த இலையிலேயே உள்ள நொதியின் வேலை. நம் உடலின் ஸ்டீராய்டு ஹார்மோன்கள்மீது நுண்ணுயிர்களின் நொதிகள் செய்யும் வேலையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய எல்லாம் கொலஸ்டிராலிலிருந்து பிறப்பவை. நான்கு வளையங்கள் ஒட்டிய ஒரே சட்டகம் கொண்டவை. அந்தச் சட்டகத்தின் எந்தக் கார்பனில் எந்த அணு அமர்ந்திருக்கிறது என்பதே ஒன்றைக் கருவைக் காக்கும் ஹார்மோனாகவும் மற்றொன்றை வீக்கத்தைத் தணிக்கும் ஹார்மோனாகவும் ஆக்குகிறது.

1948-இல் முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோன் ஊசி போடப்பட்டபோது, சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். ஆனால் அந்த மருந்தை மாட்டுப் பித்தத்திலிருந்து எடுத்த அமிலத்தைக் கொண்டு 30-க்கும் மேற்பட்ட படிகளில் செய்ய வேண்டியிருந்தது. ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 615 கிலோ அமிலம் செலவாயிற்று. சட்டகத்தின் கார்பன்களுக்கு வரிசையாக எண்ணிட்டால், இடர்ப்பாடு 11-ஆம் கார்பனில் இருந்தது. அங்கே ஓர் ஆக்சிஜன் இருந்தால்தான் மருந்து வேலை செய்யும். பித்த அமிலத்திலோ அது பக்கத்து 12-ஆம் கார்பனில் இருந்தது. அதை ஓர் இடம் தள்ளிவைக்கவே வேதியியலாளர்கள் படிமேல் படியாக ஏறினார்கள்.

1952-இல் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர்சனும் மரேயும், ரைசோபஸ் என்னும் பூசணம் புரோஜெஸ்டிரோனின் 11-ஆம் கார்பனில் ஒரே படியில் ஆக்சிஜனைப் பொருத்துகிறது என்று வெளியிட்டார்கள். மழையும் மூடுபனியுமான நாள்களில் நம் வீட்டு ரொட்டியின்மேல் சாம்பல்நிறப் பஞ்சாகப் படர்ந்து கரும்புள்ளி வைக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த பூசணம்தான்! நம் அட்ரினல் சுரப்பி ஆக்சிஜனை வளையத்தின் ஒரு பக்கத்தில் வைக்க, பூசணம் மறுபக்கத்தில் வைக்கிறது. கார்டிசோனாக்கும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுவதால் அது தடையாகவில்லை. கிராம் 200 டாலராக இருந்த மருந்தின் விலை சில ஆண்டுகளில் பன்மடங்கு இறங்கியது. இந்த ஒரு நொதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பின்னர், 1955-ஐ ஒட்டி, கார்டிசாலின் 1, 2-ஆம் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவின் நொதியால் பிரெட்னிசலோன் என்னும் மருந்து கிடைத்தது. வீக்கத்தைத் தணிப்பதில் அது கார்டிசாலைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வலியது.

மருந்துத் தொழிற்சாலையின் தொட்டியில் நடப்பதற்கு இணையானது நம் குடலிலும் நடக்கிறது. கல்லீரல், வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனோடு குளுக்யூரோனிக் அமிலத்தைச் சேர்த்துப் பித்தநீர் வழியே வெளியேற்றுகிறது. குடல் பாக்டீரியாக்களின் பீட்டா-குளுக்யூரோனிடேஸ் நொதி அந்தப் பிணைப்பை வெட்டிவிட்டால், விடுபட்ட ஈஸ்ட்ரோஜனில் ஒரு பகுதி மீண்டும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. குளோஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் என்னும் மற்றொரு குடல்வாசியோ கார்டிசாலின் 17-ஆம் கார்பனில் தொங்கும் இரு கார்பன் கிளையைத் துண்டித்து, அதை ஆண் ஹார்மோன் குடும்பத்துப் பொருளாக மாற்றிவிடுகிறது.