ஆர் நதியும் நூறாண்டு வெள்ளமும்

நண்பர்களே, வணக்கம்.

2021 ஜூலை 14 இரவு, ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ஆர் என்ற சின்ன நதி கரை மீறியது. ரைனில் போய்ச் சேருகிற கிளை நதி அது. இருபுறமும் மலைச்சரிவு, சரிவில் திராட்சைத் தோட்டங்கள், நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். ரைனோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்சிக் என்று ஓர் ஊர். அங்கே மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த இல்லத்தில், தரைத்தளத்தில் இருந்த 12 பேர் மூழ்கிப்போனார்கள். வெள்ளக் கணக்கு என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு அந்தத் தரைத்தளம்தான் நினைவுக்கு வருகிறது.

இன்று நான் பேச வந்தது ஓர் எண்ணைப் பற்றி. 241. அல்டனார் என்ற இடத்தில் ஆர் நதியின் 'நூறாண்டு வெள்ளம்' எவ்வளவு என்பதற்கு அன்றைக்கு இருந்த கணக்கு, வினாடிக்கு 241 கன மீட்டர். அந்த இரவு வந்தது ஏறத்தாழ 1,000 கன மீட்டர் என்று பிறகு மதிப்பிட்டார்கள். நேரடியாக அளக்க வழியில்லை. நீர்மட்டம் அளக்கிற நிலையத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

நூறாண்டு வெள்ளம் என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு வருஷம் நிம்மதி என்றுதான் காதில் விழுகிறது. அப்படியில்லை. எந்த ஆண்டை எடுத்தாலும் அந்த அளவைத் தொடவோ தாண்டவோ நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். போன வருஷம் வந்ததா இல்லையா என்று நதி பார்ப்பதில்லை. ஆற்றோரம் 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம், கிட்டத்தட்ட நாலில் ஒன்று. 70 ஆண்டு அங்கேயே வாழ்ந்தால் பாதிக்குப் பாதி.

சரி, அந்த 241 எப்படி வருகிறது? ஒவ்வோர் ஆண்டிலும் நதி தொட்ட மிகப் பெரிய அளவை மட்டும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்குகிறார்கள். கையில் 70 ஆண்டுப் பதிவு இருந்தால், வரிசையில் முதலாவது வெள்ளம் சுமார் 71 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது, இரண்டாவது 35 ஆண்டுக்கு ஒருமுறை என்று தோராயமாகக் கொள்ளலாம். நூறாண்டு, இருநூறாண்டு வெள்ளத்துக்குப் பதிவு போதாது. அங்கேதான் கணிதம் கை கொடுக்கிறது. அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்துகிற வளைகோட்டைக் கண்டுபிடித்து, பதிவு முடிந்த இடத்துக்கு அப்பாலும் நீட்டுகிறார்கள். 1941-இல் வெள்ளங்களுக்கு இந்த வழியைத் தெளிவாக எழுதிக் காட்டியவர் எமில் கம்பெல். ஜெர்மானியர், போரை எதிர்த்தவர். அதற்காகவே 1932-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக வேலையை இழந்து, பிரான்ஸ் போய், அங்கிருந்து அமெரிக்கா போனவர். அவர் பெயரிலுள்ள வளைகோட்டை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

கோட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு என்ன கொடுத்தோம் என்பதுதான் கேள்வி. அல்டனார் பதிவு 1946 வாக்கில்தான் தொடங்குகிறது. அதற்குள் இருந்த மிகப் பெரிய வெள்ளம் 2016-இல் வந்தது, சுமார் 236 கன மீட்டர். அதை வைத்துப் பார்த்தால் 241 நியாயமான எண்தான்.

ஆனால் ஆர் நதிக்கு 1946-க்கு முன்பும் வாழ்க்கை இருந்தது. 1804 ஜூலையில் வந்த வெள்ளத்தில் 63 பேர் இறந்தார்கள். 1910 ஜூனில் இன்னொன்று. ரயில் பாதை போட வந்து தங்கியிருந்த தொழிலாளர்கள் பலர் அதில் போனார்கள். இவை ரகசியமே இல்லை. ஊர்ப் பதிவேடுகளில் இருந்தன, வெள்ளம் எதுவரை ஏறியது என்ற குறிகளும் இருந்தன. குறியின் உயரம், பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு, நதியின் சரிவு, கரையின் சொரசொரப்பு ஆகியவை தெரிந்தால் ஓடிய தண்ணீரைக் கணக்கிட்டுவிடலாம். பான் பல்கலைக்கழகத்தின் ரோகன்காம்ப், ஹெர்கெட் இருவரும் 2021-க்குச் சில ஆண்டுகள் முன்பே அதைச் செய்து வெளியிட்டிருந்தார்கள். 1804 வெள்ளம் 2021-க்கு ஏறத்தாழ சமம்!

பழைய வெள்ளத்தைச் சேர்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. 1804-க்கும் 1946-க்கும் இடையில் வருஷாவருஷம் அளந்த பதிவு இல்லை. ஆனால் பெரிய வெள்ளம் வந்திருந்தால் யாராவது எழுதியிருப்பார்கள். யாரும் எழுதாத ஆண்டில் அந்த மட்டத்தைத் தண்ணீர் தாண்டவில்லை என்று கொள்ளலாம். எவ்வளவு ஓடியது என்று தெரியாவிட்டாலும், இதற்குக் கீழேதான் என்பது தெரிகிறதே! அதையும் கணக்கில் சேர்க்க முறை இருக்கிறது. அப்படிச் செய்தால் 70 ஆண்டு நினைவு 200 ஆண்டுக்கு மேல் நீள்கிறது. வெள்ளக் கணக்குப் போடுவதற்கு அமெரிக்காவின் இப்போதைய அதிகாரபூர்வ வழிகாட்டியான 17சி இதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

மறுப்பு சொல்கிறவர்களும் உண்டு. 1804-இன் நதி வேறு, அன்றைய பாலங்களும் வயல்களும் வேறு, குறி பொறித்தவர் கை தவறியிருக்கலாம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். பழைய அளவில் நூற்றுக்கு இருபது, முப்பது பிழைகூட இருக்கலாம். ஆனால் அதை விட்டுவிட்டதால் வந்த பிழை எவ்வளவு? வந்த தண்ணீர் நான்கு மடங்கு.

அப்புறம், பூமி சூடாவதையும் சொல்லவேண்டும். அந்த ஜூலை மழையை ஆராய்ந்த உலக வானிலைக் காரணியாய்வுக் குழு, புவி வெப்பமடைந்ததால் அப்படியொரு மழைக்கான வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு வரை கூடியிருக்கிறது என்றது. 241-ஐத் தந்த வளைகோடோ, நேற்றைய நதியும் நாளைய நதியும் ஒன்றே என்ற எண்ணத்தில் போட்டது. அந்த எண்ணமே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

2021 இலையுதிர் காலத்தில் ஆர் பள்ளத்தாக்குக்குப் புதிய வெள்ள வரைபடம் போட்டார்கள். அதில் பழைய வெள்ளங்களும் சேர்ந்தன, அபாயப் பகுதி விரிந்தது. ஆனால் அதே இடத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று அப்போது சொல்லப்பட்ட வீடுகள் 34 மட்டும்தான். மற்ற இடங்களில், பழைய அஸ்திவாரத்தின் மேலேயே மறுபடியும் சுவர் எழும்பியிருக்கிறது.