பனிக்கட்டியே கருவி: தென்துருவத்தில் நியூட்ரினோவைத் தேடிய கதை

அவைத் தலைவர் அவர்களுக்கும், அறிவியல் கேட்க வந்திருக்கும் அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று வீட்டுக்குப் போனதும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, தட்டில் உறைந்திருக்கும் பனிக்கட்டி ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரங்கள் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு மூட்டம் தெரியும். தண்ணீர் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி உறையும்போது, அதில் கரைந்திருந்த காற்று நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டு, போக வழியில்லாமல் நுண்குமிழ்களாக அங்கேயே சிறைப்படுகிறது. ஒளி அந்தக் குமிழ்களில் மோதிச் சிதறுவதால்தான் நமக்கு வெள்ளை தெரிகிறது. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்றைய பேச்சில் இது இரண்டு முறை குறுக்கே வந்து நிற்கும்.

நியூட்ரினோ என்ற துகளை 1930இல் வுல்ஃப்காங் பௌலி கணக்கில் கொண்டுவந்தார்; 1956இல் ஃபிரடெரிக் ரைன்ஸ், கிளைடு கோவன் இருவரும் அணு உலை ஒன்றின் அருகே அதைப் பிடித்துக் காட்டினார்கள். அதற்கு மின்னூட்டம் இல்லை, நிறை மிக மிகக் குறைவு, பொருள்களோடு அது உறவாடுவது அரிதினும் அரிது. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஊடுருவிச் செல்கின்றன. நமக்கு எதுவும் தெரிவதில்லை.

இப்படிப்பட்ட துகளை ஏன் துரத்த வேண்டும் என்ற கேள்விக்கு விடை, விண்வெளியிலிருந்து பூமியை வந்து தாக்கும் உயர் ஆற்றல் துகள்களான அண்டக்கதிர்களில் இருக்கிறது. 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டறிந்த அந்தக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்பது நூறாண்டு கடந்தும் முழுதாகத் தெளியாத வினா. அவை மின்னூட்டம் கொண்டவை. வழியில் உள்ள காந்தப் புலங்கள் அவற்றை வளைத்து வளைத்து அனுப்புவதால், நம்மை வந்தடையும் திசைக்கும் புறப்பட்ட இடத்துக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. ஆனால் அண்டக்கதிர்கள் உருவாகும் இடத்தில் நியூட்ரினோக்களும் உருவாக வேண்டும். அவை வளையாமல், வழியில் விழுங்கப்படாமல், பிறந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் வரும். எதனோடும் உறவாடாத அதே குணந்தான் அதை நம்பத்தக்க தூதாகவும் ஆக்குகிறது, பிடிக்க முடியாததாகவும் ஆக்குகிறது.

பிடிப்பதற்கு வழி, மிகப் பெரிய அளவு பொருளை வைத்துக் காத்திருப்பதுதான். தொடக்கத்தில் ஆழச் சுரங்கங்கள் அதற்குப் பயன்பட்டன. 1965இல், தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி உழைத்த கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவினரும் கண்டனர். இந்தத் துறையின் வரலாற்றில் கோலாரின் பெயர் முதல் வரிசையில் இருக்கிறது. அதை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

விண்வெளியின் தொலைவிலிருந்து வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களுக்கோ சுரங்கம் போதாது. ஒரு கன கிலோமீட்டர் அளவுக்குப் பொருள் வேண்டும் என்று கணக்குகள் சொல்லின. அவ்வளவு பெரிய கருவியைக் கட்ட முடியாது. இயற்கையில் கிடைப்பதைத்தான் கருவியாக்க வேண்டும். ஆழமான ஏரியையோ கடலையோ பயன்படுத்தலாம் என்று சோவியத் இயற்பியலாளர் மொய்சே மார்க்கோவ் 1960இலேயே சொல்லியிருந்தார். அதன் அடிப்படை எளியது. நியூட்ரினோ ஒன்று எப்போதோ ஓர் அணுக்கருவில் மோதும்போது, மின்னூட்டமுள்ள துகள்கள் தெறித்துக் கிளம்புகின்றன. நீரிலோ பனியிலோ ஒளி செல்லும் வேகத்தைவிட அவை விரைவாகச் செல்வதால், படகின் முனையிலிருந்து விரியும் அலைபோல, நீலநிற ஒளி ஒன்று கூம்பு வடிவில் விரிகிறது. 1934இல் பாவெல் செரன்கோவ் விவரித்த ஒளி அது. ஆகவே வேண்டியவை இரண்டே: இருட்டு, தெளிவு. ஹவாய்த் தீவுக்கு அருகே கடலடியில் இதற்காக எழுந்த முயற்சி தொழில்நுட்பச் சிக்கல்களில் மாட்டி 1995இல் கைவிடப்பட்டது. ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் பணி பிடிவாதமாகத் தொடர்ந்தது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ஹால்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறு ஓர் இடத்தைப் பார்த்தார்கள். தென்துருவத்தில் ஏறத்தாழ 2,800 மீட்டர் தடிமனுக்குப் பனி படிந்திருக்கிறது. அங்கே அலை கிடையாது. கடல்நீரில் இருப்பதுபோல ஒளிரும் உயிரினங்களும் கதிரியக்கப் பொட்டாசியமும் கிடையா. ஒளி உணரியை ஒருமுறை இறக்கிவிட்டால் பனியே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமுண்ட்சென்–ஸ்காட் ஆய்வு நிலையம் அங்கே ஏற்கெனவே இருந்ததால் மின்சாரமும் விமான வசதியும் கிடைத்தன.

1993–94இல் அமாண்டா என்ற பெயரில் முதல் உணரிகளை 800 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். அங்கேதான் உங்கள் வீட்டுப் பனிக்கட்டியின் வெள்ளை மூட்டம் முதல் முறையாகக் குறுக்கே நின்றது. பனிமழை அடுக்கடுக்காகப் படிந்து இறுகும்போது இடையில் சிக்கிய காற்று, எதிர்பார்த்ததற்கு மாறாக, அந்த ஆழத்திலும் குமிழ்களாகவே இருந்தது. எந்தத் திசையிலிருந்து ஒளி வந்தாலும் அது சிதறிக் குழம்பியது. துகளின் பாதையை வரைய வழியில்லை. ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருந்தது. அந்தப் பனி ஒளியைச் சிதறடித்ததே ஒழிய, விழுங்கவில்லை. ஆய்வகங்களில் செய்த எந்தப் பனிக்கட்டியையும்விட அது தூயதாக இருந்தது. இன்னும் ஆழம் போனால் என்ன ஆகும்? சுமார் 1,400 மீட்டருக்குக் கீழே, மேலே உள்ள பனியின் அழுத்தம் தாங்காமல், குமிழிலிருந்த காற்று மூலக்கூறுகள் பனிப்படிகத்தின் கூடுகளுக்குள்ளேயே புகுந்து அமர்ந்துவிடுகின்றன. குமிழ் என்ற தனிப்பொருள் அங்கே இல்லாமல் போகிறது. ஒளிக்குத் தடையும் நீங்குகிறது. அடுத்த முறை 1,500 மீட்டருக்குக் கீழே இறக்கினார்கள். நியூட்ரினோவின் தடங்கள் தெரிந்தன.

அமாண்டா தந்த துணிவில் எழுந்ததுதான் ஐஸ்கியூப். பெயர்தான் கனசதுரம்; மேலிருந்து பார்த்தால் அது அறுகோணம். 1,450 மீட்டருக்கும் 2,450 மீட்டருக்கும் இடையிலான ஆழத்தில், 86 கம்பிவடங்களில், 5,160 உணரிகள் தொங்குகின்றன. வடத்துக்கும் வடத்துக்கும் ஏறத்தாழ 125 மீட்டர் இடைவெளி. ஒரு வடத்தில் உணரிக்கும் உணரிக்கும் 17 மீட்டர். நடுவில் மட்டும் சில வடங்கள் நெருக்கமாக உள்ளன. துளையிட்டது இரும்பால் அல்ல, வெந்நீரால். ஏறத்தாழ 88 பாகை செல்சியஸ் சூட்டில், நிமிடத்துக்கு 760 லிட்டர் அளவில் பீய்ச்சப்பட்ட நீர், 60 சென்டிமீட்டர் அகலமான துளையை இரண்டு நாளில் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கு உருக்கி இறங்கியது. துளை மறுபடி உறைவதற்குள் வடத்தை இறக்கியாக வேண்டும். வேலை நடக்கும் காலமோ நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். அந்த நீரைச் சூடேற்றும் எரிபொருளும் பனிச்சறுக்குச் சட்டம் பொருத்திய விமானங்களில் வர வேண்டும். 2005 ஜனவரியில் முதல் வடம் இறங்கியது. 2010 டிசம்பர் 18 அன்று கடைசி வடம் இறங்கியது.

ஒவ்வொரு உணரியும் தடித்த கண்ணாடிக் கோளம் ஒன்றுக்குள் இருக்கிறது. அதன் கீழ்ப்பாதியில் 25 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒளிமின் பெருக்கிக் குழாய். ஒரே ஓர் ஒளித்துகள் விழுந்தாலும் அதை அளக்கத்தக்க மின்துடிப்பாக அது பெருக்கிக் கொடுக்கும். கூடவே ஒரு சிறு கணினியும் கடிகாரமும் உள்ளன. பனிக்குள் ஒளி ஒரு நானோவினாடியில் சுமார் 22 சென்டிமீட்டர் செல்கிறது. எந்த உணரிக்கு எந்த நானோவினாடியில் ஒளி வந்தது என்று தெரிந்தால், துகள் சென்ற பாதையைத் திருப்பி வரைந்துவிடலாம். நியூட்ரினோ மோதி, எலெக்ட்ரானின் கனமான உறவுத் துகளான மியூவான் பிறந்தால், அது கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும்; திசையை ஒரு பாகைக்கும் குறைவான பிழையோடு சொல்லிவிட முடியும். எலெக்ட்ரான் பிறந்தாலோ, ஓரிடத்திலேயே ஒளி குபுக்கென்று வெடித்து உருண்டையாக விரியும். ஆற்றல் நன்றாகத் தெரியும், திசை மட்டும் பத்துப் பாகைக்கு மேல் தடுமாறும். இறக்கிய உணரிகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் இன்றும் உழைக்கின்றன. பழுதானதைச் சரிசெய்ய ஒருவராலும் உள்ளே போக முடியாது என்பதை நினைத்தால், அந்தப் பொறியாளர்களுக்குத் தனியாக ஒரு கைதட்டல் உரியது.

இருட்டான பனிக்குள் நியூட்ரினோ மட்டுமா வருகிறது? வளிமண்டலத்தில் அண்டக்கதிர்கள் மோதிப் பிறக்கும் மியூவான்கள், மேலிருந்து வினாடிக்கு மூவாயிரம் என்ற அளவில் இறங்கி வந்துகொண்டே இருக்கின்றன. நியூட்ரினோவோ அவற்றில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தெரிகிறது. அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: கீழிருந்து மேலே வரும் தடங்களைத் தேடுகிறார்கள். பூமி முழுவதையும் ஊடுருவி வரக்கூடியது நியூட்ரினோ ஒன்றுதான். தென்துருவத்தில் நின்றுகொண்டு, காலடியின் கீழே குனிந்து, வட வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கி இது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஐஸ்கியூப் என்றால் 5,160 உணரிகள் என்று எழுதுவது வழக்கம். என் பார்வையில் உணரிகள் கண்கள் மட்டுமே. கருவி அந்தப் பனிதான். மனிதன் வடிவமைக்காத, கைவைத்துத் திருத்த முடியாத கருவி அது. எனவே அதன் குணங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு உணரிக்குள்ளும் 12 ஒளி உமிழ் டையோடுகளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஓர் உணரி மின்னும்போது, மற்றவை அந்த ஒளி எவ்வளவு தாமதமாக, எவ்வளவு மங்கலாக வந்தது என்று அளக்கின்றன. இப்படிப் பல்லாண்டுகள் படித்ததில் தெரிந்தவை வியப்பானவை. ஒளி விழுங்கப்படுவதற்கு முன் நூறு மீட்டருக்கு மேல் செல்கிறது. மிகத் தெளிந்த அடுக்குகளில் இருநூறு மீட்டரையும் தாண்டுகிறது. ஆனால் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில் தூசு மண்டிய அடுக்கு ஒன்று குறுக்கே கிடக்கிறது. பனியூழிக் காலக் காற்று கொண்டுவந்து போட்ட தூசு அது. அடுக்குகள் சமதளமாகவும் இல்லை, சாய்ந்திருக்கின்றன. இவையெல்லாம் போதாதென்று, பனிப்பாளம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் நகர்கிறது. அந்த நகர்வின் இழுப்பில் படிகங்கள் ஒரு முகமாகத் திரும்பிக்கொள்வதால், ஒளி ஒரு திசையில் ஒரு விதமாகவும் மற்றொரு திசையில் வேறு விதமாகவும் பரவுகிறது. அதற்குக் காரணம் படிகங்களின் இரட்டை ஒளிவிலகல், அதாவது ஒளியை இரண்டாகப் பிரித்து வளைக்கும் குணம், என்று தெளிவதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிட்டன.

உங்கள் வீட்டுப் பனிக்கட்டி இங்கே இரண்டாம் முறையாக வருகிறது. வெந்நீர் உருக்கிய துளை, ஓரங்களிலிருந்து உள்நோக்கி மறுபடி உறைந்தது அல்லவா? கரைந்திருந்த காற்று நடுவில் ஒதுங்கி, துளையின் மையத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெண்குமிழ்த் தூணாக நின்றுவிட்டது. இலட்சம் ஆண்டுத் தூய்மையான பனிக்கு நடுவே, நம் கையால் நாமே உண்டாக்கிய கறை அது. எந்த உணரிக்கு எந்தப் பக்கத்தில் அந்தத் தூண் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பனியைப் படிக்கப் படிக்க வானம் தெளிந்தது. 2011 ஆகஸ்டிலும் 2012 ஜனவரியிலும், ஆயிரம் டெரா எலெக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவிலான இரண்டு நியூட்ரினோக்கள் பதிவாயின. பெர்ட், எர்னி என்று குழந்தைகள் தொலைக்காட்சிப் பொம்மைகளின் பெயரை அவற்றுக்குச் சூட்டினார்கள். 2013இல், சூரியக் குடும்பத்துக்கு அப்பாலிருந்து உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் வருகின்றன என்பதற்கான சான்று 28 நிகழ்வுகளோடு வெளியானது. 2017 செப்டம்பர் 22 அன்று, சுமார் 290 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய ஒன்று வந்தது. ஐரோப்பாவின் செர்ன் துகள் முடுக்கியில் அப்போது ஒரு புரோட்டான் பெற்றிருந்த ஆற்றலைப்போல் ஏறத்தாழ 45 மடங்கு அது. ஒரு நிமிடத்துக்குள் உலகத் தொலைநோக்கிகளுக்கு எச்சரிக்கை போயிற்று. அது வந்த திசையில், ஓரியன் விண்மீன் குழுவின் தோளருகே, நம்மவர் திருவாதிரை, மிருகசீரிடம் என்று பார்க்கும் வான்பகுதியில், ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு விண்மீன் பேரடையின் மையக் கருந்துளை, நம்மை நோக்கித் தாரையைப் பீய்ச்சிக்கொண்டிருப்பதை காமாக் கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி செயற்கைக்கோளும் மற்றத் தொலைநோக்கிகளும் உறுதிப்படுத்தின.

அந்தச் செய்தி உலகெங்கும் கொண்டாடப்பட்டது. எனக்கோ 2022இல் வந்த முடிவு இன்னும் ஆழமானதாகப் படுகிறது. 4.7 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மெசியர் 77 என்ற பேரடையின் திசையிலிருந்து, பின்னணியைவிட ஏறத்தாழ 79 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருந்தன. அதற்குப் புதிய உணரி எதையும் இறக்கவில்லை. 2011 முதல் 2020 வரை சேர்ந்திருந்த பழைய பதிவுகளையே, செம்மைப்படுத்திய அளவீட்டோடு மறுபடி படித்தார்கள். அந்தப் பேரடையின் கருந்துளையைச் சுற்றி அடர்ந்த வாயுவும் தூசும் இருப்பதால் உயர் ஆற்றல் காமாக் கதிர்கள் வெளியே வர இயலவில்லை. நியூட்ரினோ மட்டும் வந்தது. 2023இல், நம் பால்வெளி மண்டலமும் நியூட்ரினோவில் தெரிந்தது. இதற்கு உதவியவை, திசை தடுமாறும் என்று நான் முன்பு சொன்ன அந்த உருண்டை நிகழ்வுகள்; இயந்திரக் கற்றலின் துணையோடு ஏறத்தாழ 60,000 நிகழ்வுகளிலிருந்து அந்தப் படம் எழுந்தது. இவ்விரு முடிவுகளும் இயற்பியலார் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான ஐந்து சிக்மா என்ற புள்ளியியல் உறுதியின் எல்லையைச் சற்றுத் தொடாமல் நிற்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கட்டமாக, நடுப்பகுதியில் ஏழு புதிய வடங்களை 2025–26 தென்கோடையில் இறக்கத் திட்டமிட்டார்கள். குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்களை அளப்பது அதன் ஒரு நோக்கம். மற்றொரு நோக்கம், பனியை இன்னும் நுணுக்கமாக அளப்பது: உணரிகளோடு புதிய ஒளிமூலங்களும் ஒளிப்படக் கருவிகளும் அந்த வடங்களில் செல்கின்றன, தூசு அடுக்கையும் படிகங்களின் சாய்வையும் குமிழ்த் தூணையும் அவை அருகிலிருந்து பார்க்கும். அப்படிக் கிடைக்கும் பனிவரைபடம் புதிய பதிவுகளுக்கு மட்டும் உரியதன்று. பெர்ட், எர்னி உட்பட, கடந்த ஆண்டுகளில் சேமித்து வைத்த ஒவ்வொரு நிகழ்வையும் அந்த வரைபடத்தின் மேல் வைத்து, அது வந்த திசையை மறுபடி கணக்கிடப்போகிறார்கள்.