கேட்பவர் கேள்வியால் வளரும் கதை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

காலந்தோறும் மாறும் சமயக் கதைகள் வளர்கின்றனவா, சிதைகின்றனவா என்பது இன்றைய வழக்கு. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்றும், கணவன் கௌதம முனிவனின் சாபத்துக்கு ஆளான அகலிகையைக் கல்லாக்கியவன் கம்பனே என்றும் எதிரணித் தலைவர் சொன்னார். கதைகள் வளர்கின்றன என்பதே எங்கள் அணியின் வாதம். அவை பெரும்பாலும் சொல்பவரின் மறதியால் மாறுவதில்லை, கேட்பவரின் கேள்வியால் மாறுகின்றன.

அவர் காட்டிய அகலிகையிடமே வருகிறேன். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் தவமிருக்கிறாள். இராமனும் இலக்குவனும் அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பனிலோ இராமனின் அடித்துகள் பட்டுக் கல் பெண்ணாகிறது. ஆனால் அந்தக் கல் கம்பன் செதுக்கியதன்று. அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய சங்க நூலான பரிபாடலின் 19ஆம் பாடலைப் பாருங்கள். திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தவர்கள் இது யார், இது என்ன என்று கேட்க, அறிந்தவர்கள் இவள் அகலிகை, கௌதமன் சினத்தால் கல்லுரு அடைந்த நிலை இது என்று விளக்குகிறார்கள். ஓவியத்தின் முன் நின்ற எளிய மக்களின் வாயில் அந்தக் கல் முன்பே இருந்தது. கம்பன் செய்தது வேறு: அவளை மீண்டும் ஏற்கும்படி கௌதமனிடம் பேசும் விசுவாமித்திரன், அவளை நெஞ்சினால் பிழையில்லாதவள் என்று சொல்லும்படி செய்தான். இதைச் சிதைவு என்று எப்படிச் சொல்வது?

எல்லா மாற்றமும் எனக்கு உவப்பானதன்று. வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணன் அவளைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். தொட்டாலே பெண்ணுக்குப் பழி என்ற அச்சத்தை அதில் காண்கிறேன், அது என்னை உறுத்துகிறது. ஆயினும் அந்த அச்சம் சமூகத்தில் இருந்ததற்குக் கதையே சாட்சியாக நிற்கிறது.

நம் சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் தம் முன்னோரைக் காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்கிறார்கள். வேட்டைக்கு வந்தவர்கள் என்று ஒரு வழக்கும், ஊரை விட்டுப் பெயர்ந்தவர்கள் என்று இன்னொரு வழக்கும் உண்டு. இவற்றுள் எதைப் பொய் என்று தள்ளுவது?

இறுதியாக அரவான். வியாச பாரதத்தில் அருச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்த அவன், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மடிகிறான், அவ்வளவே. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில், 9ஆம் நூற்றாண்டிலேயே, அவன் களப்பலியாகிறான், அதாவது பாண்டவர் வெற்றிக்காகப் போருக்கு முன் பலியாகிறான். வெல்லப் போகிறவர்களுக்காகத் தலை கொடுத்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் இருந்திருக்க வேண்டும். நம் வட்டாரத் தெருக்கூத்திலும் கோமாளியான கட்டியக்காரன் இப்படித்தானே இடைமறித்துக் கேட்கிறான்! பலிக்கு முன் ஒரு நாளேனும் மணவாழ்வு வேண்டும் என்று அரவான் கேட்டதாகவும், கண்ணனே மோகினியாகி அவனை மணந்ததாகவும் கதை வளர்ந்தது. அந்த வளர்ச்சியால்தான் சித்திரை மாதத்தில் கூவாகத்தில் திருநங்கையர், கூத்தாண்டவர் என்று வணங்கப்படும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். எந்த மூல நூலும் தராத இடத்தை இந்தக் கதை அவர்களுக்குத் தந்தது. மூலத்தில் இல்லாததெல்லாம் சிதைவே என்றால், அந்தத் தாலிக்கு இங்கே இடமில்லை என்று கூவாகத்தில் நின்று சொல்ல எதிரணியினர் ஆயத்தமா? இதற்கு அவர்கள் விடை சொன்ன பிறகு நடுவர் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.