மலைப் பணித்தளத்தில் அன்றாட வாழ்க்கை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும்தான் எடுத்திருக்கேன். அரியாங்குப்பத்துல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க, படிக்கிறேன். "என் மகள் நர்சிங் முடிச்சவள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகுது. அவளும் மருமகனும் வடக்கே மலைவாழ் மக்கள் மத்தியில ஊழியத்துக்குப் போறதா முடிவு பண்ணிட்டாங்க. நீங்க அந்த மாதிரி இடத்துல இருந்தவங்கன்னு சொன்னாங்க. அங்க ஒரு நாள் பொழுது எப்படிப் போகும்? பொழுதன்னைக்கும் பிரசங்கம்தானா? எனக்கு ராத்திரியில தூக்கமே வரலை."

சகோதரி, தூக்கம் வராது. எங்க அம்மாவுக்கும் வரலை. 1994-ல கடலூர் திருப்பாப்புலியூர் ஸ்டேஷன்ல எங்களை வழியனுப்ப வந்தப்ப அவங்க ஒரு வார்த்தை பேசலை. முதுநகர்ல வாங்கின கருவாட்டை ஒரு பொட்டலமா கட்டி என் கையில வச்சாங்க, அவ்வளவுதான். அதனால பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அங்க என்ன இருக்கும்னு தெரிஞ்சா பயம் கொஞ்சம் அடங்கும், அதுக்காகச் சொல்றேன்.

நாங்க இருந்தது ராஜ்மகால் மலை. அப்ப அது பீகார், 2000 நவம்பர் 15-லேருந்து ஜார்க்கண்ட். அந்தக் காலத்துல சென்னையில கோரமண்டல் ரயில் ஏறினா ஹவுரா. அங்கேருந்து இன்னொரு ரயில். பாக்கூர்னு ஒரு ஸ்டேஷன் வரும், நம்ம பாகூருக்கும் அதுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஜீப், அப்புறம் நடை. மலைன்னா ஊட்டி மாதிரி நினைக்காதீங்க. உயரம் கம்மி, வெயில் ஜாஸ்தி, கறுப்புப் பாறை. மேல பஹாடியா மக்கள், மால்தோ பேசுறவங்க.

ஒரு நாள் எப்படின்னு கேட்டீங்க. அது தண்ணியிலதான் ஆரம்பிக்கும். ஊரு மலை உச்சியில, ஊத்து அடிவாரத்துல. விடியறதுக்கு முன்னாடியே பெண்கள் குடத்தோட இறங்கிடுவாங்க. இறங்குறது சுலபம், நிறைகுடத்தோட ஏறுறதுதான் பாடு. முதல் வாரம் நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள பாதி சிந்திப்போகும். என் நிலையைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர் குடத்தை வாங்கித் தோள்ல வச்சுக்கிட்டார். அந்த ஊர்ல ஆம்பளை குடம் எடுக்கிறதில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க, ஆம்பளைங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவர் நிறுத்தலை. ரெண்டு மாசம் கழிச்சு ஊர்த் தலைவர், மாஞ்சின்னு சொல்லுவாங்க, ஒரு மூங்கில் காவடி செதுக்கிக்கொண்டு வந்து அவர் கையில குடுத்தார். தோள் காய்ச்சுப்போகும், இதுல ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்குன்னு. அன்னைக்குத்தான் அந்த ஊர்ல எங்களுக்கு இடம் கிடைச்சதுன்னு நான் நம்புறேன். அது வரைக்கும் நாங்க அங்க பிரசங்கம்னு ஒண்ணு பண்ணினதே இல்லை.

சாப்பாடு மக்காச்சோளம். உடைச்சுக் காய்ச்சின கஞ்சி, தொட்டுக்கக் காராமணி, கிடைச்சா கீரை. பங்குனி, சித்திரையில இலுப்பைப் பூ உதிரும், விடிகாலையில பிள்ளைங்க கூடை கூடையாப் பொறுக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சதை நான் நாக்குல தெரிஞ்சுக்கிட்டது அங்கதான். வயல்னா ஏர் கிடையாது. சரிவுல காட்டை வெட்டி எரிச்சு, குச்சியால குழி குத்தி விதை போடுறது, அதுக்குக் குருவான்னு பேர். விளைஞ்ச காராமணியில பெரும்பங்கு அடிவாரத்து மகாஜன், அதாவது வட்டிக்குக் குடுக்கிறவர், அவர் கடனுக்கே போயிடும். சந்தைக்குப் போறப்ப கணக்குப் பார்க்க எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போவாங்க. அதுவும் ஊழியம்தான் சகோதரி.

இப்ப உங்க மகள் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வர்றேன். மத்தியானத்துக்கு மேல என் வாசல்ல காய்ச்சல்காரங்கதான் உட்கார்ந்திருப்பாங்க. ஒண்ணு மலேரியா. மூளைக்கு ஏறிட்டா ரெண்டு நாள்ல ஆளைக் கொண்டுபோயிடும். இன்னொண்ணு காலா அசார். மணல் ஈ கடிக்கிறதால வர்றது. வாரக்கணக்குல காய்ச்சல் விடாது, உடம்பு மெலியும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னாடி வந்திடும், தோல் கறுக்கும். வைத்தியம் பார்க்காம விட்டா அநேகமா சாவுதான். நாங்க போன காலத்துல அதுக்கு ஊசி, தினம் ஒண்ணு, இருபது நாள், முப்பது நாள். மலைமேல இருக்கிறவங்க தினம் எப்படி இறங்கி ஏறுவாங்க? அதனால அடிவாரத்துல ஒரு கொட்டாய் போட்டு, நோயாளியும் குடும்பமும் கோழியும் ஆடும் எல்லாரும் அங்கேயே தங்கிடுவாங்க. நான் ஊசி போடுவேன், அவங்களுக்குக் கஞ்சியும் காய்ச்சுவேன். பத்தாவது நாள் காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு எழுந்து போயிடுவாங்க. பின்னாடியே நடந்துபோய்க் கூட்டிட்டு வரணும். ஒரு பையன் விஷயத்துல நான் அன்னைக்கு அலுப்புல போகலை. நாளைக்குப் போலாம்னு இருந்துட்டேன். ஒரு மாசம் கழிச்சுத் திரும்பக் காய்ச்சலோட தூக்கிட்டு வந்தாங்க. அவன் பிழைக்கலை. இதை நான் எங்கேயும் மறைச்சதில்லை, உங்க மகள்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க. இப்ப நிலைமை மாறியிருக்கு. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அட்டையில பார்த்துடலாம். 2014 வாக்குல இருந்து ஒரே நாள்ல ஏத்துற மருந்து வந்துடுச்சு. நோயும் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. ஆனாலும் பின்னாடியே நடந்துபோற ஆள் இன்னைக்கும் வேணும்.

ராத்திரியில மொழி. மால்தோ நம்ம திராவிடக் குடும்பம்தான், வட கோடியில இருக்கிற தங்கச்சி மாதிரி. வந்த புதுசுல ஒரு சின்னப் பொண்ணு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. என்னன்னு கேட்டா, "பலு, பலு"ங்கிறா. பல்லு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. நான்ங்கிறதுக்கு ஏன், நீங்கிறதுக்கு நீன். தண்ணிக்கு அமு. நம்ம பழந்தமிழ்லயும் "அம்"னா தண்ணின்னு எங்க தமிழ் வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்துச்சு. கண்ணு கூட அதேதான், ஆனா அந்த முதல் எழுத்தைத் தொண்டையிலேருந்து சொல்லணும். அது எனக்குக் கடைசி வரைக்கும் சரியா வரலை. எர்னஸ்ட் துரோசேன்னு ஒரு மிஷனெரி 1884-லயே அந்த மொழிக்கு இலக்கணம் எழுதி வச்சிருக்கார். 1860-கள்ல டென்மார்க்கிலேருந்து நம்ம கடலூர்ப் பக்கம் வந்து, மேல்பட்டாம்பாக்கத்துல உட்கார்ந்து தமிழ் படிச்சாங்களே, அந்த மிஷனெரிகளை நினைச்சுக்குவேன். அவங்களுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை கூடச் சொந்தமா இருந்திருக்காது. எனக்குப் பல்லும் தண்ணியும் இருந்துச்சே.

பிள்ளைங்க. இதை நீங்க கேட்கலை, ஆனா அதுதான் உங்க மனசுல இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க மகனை ஆறு வயசுல விடுதியில சேர்த்தோம். வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் பார்ப்போம். ஒரு லீவுல வந்தவன் என்னை "ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டுட்டு, அப்புறம் "அம்மா"ன்னு திருத்திக்கிட்டான். அன்னைக்கு நான் ஊத்துல போய் உட்கார்ந்து அழுதேன். இன்னைக்கு அவன் நல்லா இருக்கான், எங்க மேல பிரியமா இருக்கான். ஆனா அந்த வருஷங்கள் திரும்பி வராது. கர்த்தருக்காகக் குடுத்தோம்னு சொல்றது உண்மை, வலிச்சுதுங்கிறதும் உண்மை. முடிஞ்சா உங்க மகள் பிள்ளையைக் கூடவே வச்சுக்கட்டும். இப்ப அடிவாரத்துல பள்ளிக்கூடங்கள் இருக்கு. அதைப் போறதுக்கு முன்னாடியே அனுப்புற சங்கத்துக்கிட்ட பேசி எழுதி வாங்கிக்கட்டும்.

இன்னொண்ணு, கண்டிப்பாச் சொல்லணும். ஜார்க்கண்ட்ல 2017-ல மதமாற்றத் தடைச் சட்டம் வந்திருக்கு. ஆசை காட்டியோ மிரட்டியோ மதம் மாத்தக் கூடாது. சட்டம் இல்லாட்டியும் அது கூடாதுதான். மருந்துக்கும் ஜெபத்துக்கும் முடிச்சுப் போடாதேன்னு மகள்கிட்டச் சொல்லுங்க. ஊசி போடுறது ஊசிக்காகத்தான். கடைசி வரைக்கும் ஆராதனைக்கே வராத குடும்பங்கள்தான் எங்களுக்குக் காட்டுத் தேன் கொண்டுவந்து குடுத்தாங்க. அவங்களும் எங்க ஜனம்தான்.

எங்களைத் தாங்கினது எதுன்னா, இங்க பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கிறப்பவும் ஊழியத்துக்குன்னு ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வச்சாங்களே, அந்தப் பிடி அரிசிக் காணிக்கை. நீங்களும் இன்னைக்கே ஆரம்பிங்க சகோதரி. தூக்கம் வராத ராத்திரியில மகளுக்குக் கடுதாசி எழுதுங்க, போன் பத்தாது. மலைமேல பல இடத்துல சிக்னல் இருக்காது, கடுதாசியைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் மஞ்சக்குப்பத்துக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. மக்காச்சோளக் கஞ்சி காய்ச்சித் தர்றேன். அந்த மூங்கில் காவடி இன்னும் எங்க தாழ்வாரத்துலதான் சாத்தியிருக்கு. மருமகன் அதை ஒரு தடவை தோள்ல வச்சுப் பார்க்கட்டும்.