தோற்றுப்போன நிறுவனத்தின் பக்கம் நின்றவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பொங்கல் விழாவுக்கு வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் லண்டன் வாழ் தமிழ்ப் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"சிறுவயதில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் மீது வைத்த பற்று நம்மை வளர்த்ததா, வீணாக்கியதா?" என்பது இன்றைய தலைப்பு. வளர்த்தது என்று பேசுவதற்காக நான் எழுந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், விளம்பரம் ஊட்டிய மயக்கத்தைப் பிள்ளைகள் பற்று என்று எண்ணிக்கொண்டார்கள் என்றார், அகதிகளாக வந்து இரவு வேலை பார்த்த பெற்றோரின் காசு ஆற்றில் கரைத்த புளியாகப் போயிற்று என்றார், முத்தாய்ப்பாக, "உன் பெயர்கூடத் தெரியாத ஒரு நிறுவனத்துக்காக நீ ஏன் உருகினாய்?" என்று என்னை நோக்கியே கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இந்த உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

என் பற்று சேகாவின் மீது. ஆட்ட மையங்களில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களைச் செய்து பெயர் பெற்ற அந்த ஜப்பானிய நிறுவனம், வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் தன் முதல் கன்சோலை 1983 ஜூலை 15 அன்று வெளியிட்டது. அதே நாளில்தான் போட்டி நிறுவனமான நின்டெண்டோவும் தன் ஃபேமிகாம் கன்சோலை வெளியிட்டது. ஆக, பிறந்த அன்றே தொடங்கிய பங்காளிச் சண்டை அது. ஜப்பானில் நின்டெண்டோ முந்திக்கொண்டது. ஆனால் 1990-இல் பிரிட்டனுக்கு வந்த சேகாவின் மெகா டிரைவ் கன்சோல், இங்கே நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

எங்கள் வீட்டுக்கு அது 1992 குளிர்காலத்தில் வந்தது. வட லண்டனில் ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். பெட்ரோல் நிலையத்தில் அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவர், தம் மகனுக்குச் சலித்துப்போன கன்சோலை இரண்டு கன்ட்ரோலர்களோடு மலிவு விலைக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வயது பத்து, தங்கைக்கு ஐந்து. அப்பா இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குவார். தொலைக்காட்சி இருந்ததோ அவர் உறங்கும் அறையில். நடுவர் அவர்களே, அந்த முதல் மாதிரி மெகா டிரைவின் முன்பக்கத்தில் ஹெட்போன் செருகும் துளை ஒன்றும், அதற்கெனத் தனியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி ஒன்றும் இருக்கும். தொலைக்காட்சியின் ஒலியை அடியோடு குறைத்துவிட்டு, ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொண்டு, அப்பாவின் குறட்டை ஒரு பக்கமும் சேகாவின் ஆட்ட நாயகனான நீல முள்ளெலி சோனிக்கின் ஓட்டம் மறுபக்கமுமாக நாங்கள் ஆடினோம். பின்னாளில்தான் ஒன்று தெரிந்தது: அந்த மாதிரியில் தொலைக்காட்சிக்குப் போகும் ஒலி மோனோ, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி; இடமும் வலமும் பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோ இசை அந்த ஹெட்போன் துளையில் மட்டுமே கிடைக்கும். தூங்கும் தகப்பனை எழுப்பக்கூடாது என்று நாங்கள் தேர்ந்துகொண்ட வழியே, அந்த இசை ஸ்டீரியோவில் கிடைக்கும் ஒரே வழியாகவும் இருந்திருக்கிறது, ஆளுக்குப் பாதியாக என்றாலும்.

சோனிக்கின் முதல் ஆட்டத்தைப் போட்டவுடன் "சே...கா" என்று ஒரு குழுவின் குரல் பாடும். ஆட்டத்தைப் பதிந்து கன்சோலில் செருகும் அந்தக் காலத்து கார்ட்ரிட்ஜில் இடம் என்பது பொன்னுக்குச் சமம். ஆட்டம் முழுவதும் அடங்க வேண்டியது 512 கிலோபைட்டுக்குள். அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை அந்த இரண்டெழுத்துக் குரலுக்கே ஒதுக்கியிருந்தார்கள். எதிரணியினர் இதை வீண் ஆடம்பரம் என்பார்கள். வாசலில் கோலம் போடுவதற்கென்று விடியுமுன் எழும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். அந்த ஆடம்பரம் நமக்குப் புரியாததல்ல.

ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் என்ற ஆட்டத்தில் இன்னொன்று நடந்தது. அதன் தொடக்கத் திரையிலேயே இசையமைப்பாளர் யுசோ கோஷிரோவின் பெயர் எழுதியிருந்தது. நான் அதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதுவரை கேம் என்பது தொழிற்சாலையில் பிஸ்கட் போல வார்த்தெடுக்கப்படும் பொருள் என்றே எண்ணியிருந்த எனக்கு, இதை ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார் என்ற செய்தி அன்றுதான் கிடைத்தது. அதன்பிறகு ஆட்டம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலுக்காகவே கடைசிக் கட்டம் வரை ஆடினேன். பட்டியலில் பலர் புனைபெயரில் இருந்தார்கள். அவர்களின் உண்மைப் பெயர்களைப் பத்திரிகைகளில் தேடிப் பிடித்தேன். சோனிக் ஆட்டத்துக்கு நிரல் எழுதியவர் யூஜி நாகா, சோனிக்கின் உருவத்தை வரைந்தவர் நவோதோ ஓஷிமா, மேடும் பள்ளமும் வளையமுமாகக் களங்களை அமைத்தவர் ஹிரோகாசு யசுஹரா. எதிரணித் தலைவரே, அவர்களுக்கு என் பெயர் தெரியாது, உண்மைதான். எனக்கு அவர்கள் பெயர் தெரியும். கோயில் தூணைத் தடவிப் பார்த்து வியக்கிறவனுக்குச் சிற்பியின் அறிமுகம் தேவைப்படுவதில்லையே.

சோனிக் 2 ஆட்டத்தைப் பற்றி நான் சற்று நின்று பேசியாக வேண்டும், ஏனெனில் என் கட்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1992 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே நாளில் அது வெளிவந்தது. கலிஃபோர்னியாவில் சேகா நடத்திய ஒரு கூடத்தில் ஜப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து செய்த ஆட்டம் அது. யசுஷி யமகுச்சி வரைந்த டெயில்ஸ் என்ற இரட்டை வால் நரிக்குட்டி அதில் சோனிக்கின் பின்னாலேயே ஓடிவரும். இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தால் அந்த நரியை நாமே ஆட்டலாம். நரி எத்தனை முறை பள்ளத்தில் விழுந்தாலும் ஆட்டம் முடியாது. சற்று நேரத்தில் வாலைச் சுழற்றிப் பறந்து வந்து சேர்ந்துகொள்ளும். ஐந்து வயதுத் தங்கை இருக்கும் வீட்டில் இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்பு அவள் கேட்கும்போதெல்லாம், "நீ ஆடினால் செத்துப்போய்விடும், சும்மா இரு" என்பேன், அவள் அழுவாள், அப்பா எழுந்துவிடுவார். சோனிக் 2 வந்த பிறகு அவளால் எதையும் கெடுக்க முடியாது. அதோடு, பெரிய எதிரியை நான் அஞ்சி அஞ்சி நெருங்கும்போது, சாவுக்கு அஞ்சாத அவளுடைய நரி முன்னால் பாய்ந்து நான்கு அடி கொடுத்துவிடும். அண்ணனும் தங்கையும் சண்டையில்லாமல் ஒரு பாயில் உட்காருவதற்கு ஒரு வழியை யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். அந்த யோசனையின் மீது வைத்த பற்றை விளம்பர மயக்கம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

விளம்பரமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. பொம்மை நிறுவனமான மாட்டெலில் தேர்ந்த டாம் கலின்ஸ்கி 1990-இல் சேகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைமையேற்று, கன்சோலின் விலையைக் குறைத்து, சோனிக்கைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, நின்டெண்டோவைப் பெயர் சொல்லிச் சீண்டி விற்றார். பள்ளி மைதானங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்ததற்கு அதுவும் காரணம். வாசல் வரை அழைத்து வந்தது விளம்பரம்தான். ஆனால் ஒன்பது ஆண்டுகள் ஒரு பிள்ளையை வீட்டுக்குள் உட்கார வைக்கும் வல்லமை எந்த விளம்பரத்துக்கும் கிடையாது.

அடுத்து, "காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு, பற்று வைத்தவன் கண்ணுக்குக் குறை தெரியாது" என்று எதிரணியின் அக்கா ஒருவர் சொன்னார். என் அனுபவம் நேர்மாறானது. சேகா செய்த பிழைகளை அதன் போட்டியாளரைவிட அதன் ரசிகர்கள்தாம் துல்லியமாக அறிவார்கள். 1994 நவம்பரில், மெகா டிரைவின் மேல் செருகும் 32எக்ஸ் என்ற கூடுதல் கருவியை அமெரிக்காவில் விற்பனைக்கு வைத்தார்கள். அதே மாதத்தில், அதைப் பழையதாக்கிவிடும் சாட்டர்ன் என்ற புதிய கன்சோலை ஜப்பானில் வெளியிட்டார்கள். தலைமையகம் ஒன்று நினைக்க, கிளை வேறொன்று நினைத்தது. சாட்டர்னுக்குள் இரண்டு ஹிட்டாச்சி செயலிகளை வைத்தார்கள். இரண்டையும் ஒருசேர ஓட்டி வேலை வாங்குவது நிரலாளர்களுக்குப் பெரும்பாடாயிற்று. 1995 மே 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வரவிருந்த சாட்டர்ன் இன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்று திடீரென அறிவித்தார்கள். ஆட்டங்கள் போதுமான அளவு தயாராகவில்லை. சரக்குக் கிடைக்காத கடைக்காரர்கள் கொதித்தார்கள். அதே நாளில் சோனி நிறுவனத்தின் பிரதிநிதி மேடையேறி "299" என்ற ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். சோனியின் போட்டிக் கன்சோலான பிளேஸ்டேஷனின் விலை அது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மாத இதழ்களில் வந்த அந்தச் செய்திகளை நூலகத்தில் உட்கார்ந்து வரி விடாமல் படித்தேன். ஒரு முடிவு ஏன் தவறானது, யார் யாரிடம் கேட்காமல் எடுத்தார்கள், விலை என்பது எப்படித் தீர்மானமாகிறது, வன்பொருள் நன்றாக இருந்தும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அது ஏன் கைகொடுக்கவில்லை என்பதையெல்லாம் என் வகுப்பறையில் யாரும் சொல்லித் தரவில்லை. இன்று மென்பொருள் துறையில் நான் உண்ணும் சோற்றுக்கு வித்து அந்த நூலக மேசையில் விழுந்தது. பிடித்தமானவர்கள் தவறு செய்யும்போது கண்ணை மூடிக்கொள்ளாமலும் கையை உதறிவிடாமலும் இருப்பதற்கு எனக்கு அங்கேதான் பழக்கமாயிற்று.

பிறகு சேகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்ட் வந்தது. 1999 அக்டோபர் 14 அன்று ஐரோப்பாவில் வெளியானபோது, ஆர்சனல் கால்பந்து அணியின் சட்டையில் அந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. எங்கள் தெருவில் கன்சோலைக் கண்ணால் காணாதவர்கள்கூட அந்தப் பெயரை மார்பில் சுமந்து நடந்தார்கள். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் நானே அதை வாங்கினேன். தொலைபேசி வழியே இணையத்தில் இணைக்கும் மோடம் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. ஃபாண்டஸி ஸ்டார் ஆன்லைன் என்ற ஆட்டத்தில் உலகின் எந்த மூலையில் இருப்பவரோடும், நால்வர் வரை, சேர்ந்து ஆடலாம். ஆயத்தமான சொற்றொடர்களைத் தேர்ந்தெடுத்தால், நான் ஆங்கிலத்தில் எடுத்தது ஜப்பானியருக்கு ஜப்பானிய மொழியில் தெரியும்; அவர் எடுப்பது எனக்கு ஆங்கிலத்தில் தெரியும். கொழும்பிலிருந்து பெரியம்மா அழைக்கும் நேரத்தில் தொலைபேசி இணைப்பை நான் பிடித்துவைத்திருப்பதாக அம்மா கடிந்துகொண்டே இருப்பார். நான் விடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத நான்கு பேர் ஒரு காட்டைக் கடந்து, கீழே குகையில் இருக்கும் டிராகனை வீழ்த்திவிட்டு, அவரவர் மொழியில் நன்றி சொல்லிக்கொண்டு பிரிவதை நான் முதன்முறையாகக் கண்டது அங்கேதான்.

அந்த ஆட்டம் ஐரோப்பாவுக்கு வந்தது 2001 பிப்ரவரியில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஜனவரி 31 அன்று, ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை மார்ச்சோடு நிறுத்துவதாகவும், இனிக் கன்சோல் செய்யப்போவதில்லை என்றும் சேகா அறிவித்துவிட்டது. மூடப்போகும் கடையில் புது விளக்கு ஏற்றியது போல அந்த ஆட்டம் வந்து சேர்ந்தது. சேகாவின் தலைவர் இசாவோ ஒகாவா, சுமார் 69.5 கோடி டாலர் மதிப்புள்ள தம் சொந்தப் பங்குகளை நிறுவனத்துக்குக் கொடையாக அளித்துவிட்டு, அதே மார்ச் 16 அன்று காலமானார். உன் பெயர் தெரியாத நிறுவனம் என்றீர்களே, ஐயா. அந்த நிறுவனத்துக்குள்ளும் தன் கைப்பொருளைப் போட்டு அதைக் காப்பாற்றிய ஒரு மனிதர் இருந்தார். அன்று பத்தொன்பது வயதில் நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், நின்டெண்டோவின் கருவிகளிலேயே சோனிக் ஓடியது. மைதானத்தில் எத்தனை பேரோடு நான் வாதாடியிருப்பேன்! ஆயினும் சோனிக்கை அங்கே பார்த்தபோது கோபம் வரவில்லை. குதிக்கும்போது எழும் அந்த ஒலியைக் கேட்டவுடன், சரி, பிழைத்துக்கொண்டான் என்றே தோன்றியது. அந்தப் பற்று வீணாகவில்லை என்பதற்கு 2017-இல் வெளிவந்த சோனிக் மேனியா இன்னொரு சான்று. சோனிக் ரசிகராகத் தாமே ஆட்டங்களை எழுதிப் பார்த்த ஆஸ்திரேலியர் கிறிஸ்டியன் வைட்ஹெட்டும், அவரைப் போன்ற ரசிகர்களாக இருந்து தேறியவர்களும் சேர்ந்து செய்ததை, சேகாவே தன் அதிகாரபூர்வ ஆட்டமாக வெளியிட்டது. பிள்ளைப் பருவத்தில் அவர்களும் பெயர் தெரியாத ரசிகர்களாகத்தான் இருந்தார்கள்.

இனி அந்தப் புளிக் கணக்குக்கு வருகிறேன். அப்பா அன்று கொடுத்த காசுக்கு வாங்கிய மெகா டிரைவ் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. ஒலி நகர்த்தியைத் தொடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, மற்றபடி ஓடுகிறது. போன மாதம் நான் போயிருந்தபோது, அவளுடைய ஆறு வயது மகன் முதல் கன்ட்ரோலரைத் தான் வைத்துக்கொண்டு இரண்டாவதை என்னிடம் நீட்டி, "மாமா, நீங்கள் நரி. பயப்பட வேண்டாம், நீங்கள் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்றான். தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.