சிறு துரும்பும் வெள்ளைப் பாறையும்

(எங்கள் வட்டாரத் தமிழ் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நீதிமன்ற வேலையை அரைநாள் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்த பேராசிரியை அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை நமக்குத் திறந்துவிட்ட சமூக மன்றத்தினரே, காலை ஏழு மணியிலிருந்து நாற்காலி தூக்கிய தம்பிமாரே, தங்கைமாரே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். தலைவர் அவர்கள் பதினெட்டு ஆண்டுகளாக இந்தக் கூட்டத்தைத் தம் தோளில் சுமக்கிறார். அவருக்கு ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். சிறப்பு விருந்தினருக்கும் தட்டுங்கள். சட்டம் படித்த ஒருவர் முன்னால் சட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புத் தந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிங்கப்பூர் மாதிரி ஒரு சிறிய நாடு உலக சபையில் தன் பேச்சை எப்படி நிலைநிறுத்துகிறது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. என் அம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று இருக்கிறது: சிறு துரும்பும் பல் குத்த உதவும். இன்று அதைத்தான் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன். மூன்று விஷயம் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒன்று, சட்டம். இரண்டு, கூட்டாளிகள். மூன்று, வீட்டுக்குள் ஒற்றுமை.

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்தோம். அப்போது நாம் 19 லட்சம் பேர்கூட இல்லை. குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து குழாயில் வந்தது. ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 21ஆம் தேதி, ஐ.நா. சபையில் 117ஆவது உறுப்பினராகச் சேர்ந்தோம். அந்த மேடையில் நமக்காகப் பேசியவர் யார்? இலங்கை வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்து, இங்கே பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த எஸ். ராஜரத்தினம். நம் முதல் வெளியுறவு அமைச்சர். அந்தப் பொறுப்பில் பதினைந்து ஆண்டுகள் இருந்தார். செப்டம்பர் 21 என்ற தேதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவேன்.

படை இல்லை, பணம் இல்லை. அப்படிப்பட்ட நாடு எதைப் பிடித்துக்கொள்ளும்? எழுதி வைத்ததைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஒப்பந்தங்களைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே சேர்த்து எழுதி, அதை ஐ.நா.விலும் பதிவு செய்தார்கள். நாளைக்கு யாராவது குழாயை மூடுவோம் என்றால், அது இரண்டு வீட்டுக்காரர் சண்டையாக இருக்காது. உலகமே பார்க்கிற வழக்காகிவிடும்.

அப்புறம், ஒரே அளவுகோல். 1978 கடைசியில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் போனது. அங்கே அதுவரை ஆண்டவர்கள் கொலைகாரர்கள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாட்டின் அரசை அயல்நாட்டுப் படை மாற்றி அமைப்பதை ஏற்க முடியாது என்று சிங்கப்பூர் ஆண்டுக்கணக்கில் ஐ.நா.வில் வாதாடியது. சரி, வியட்நாமோடு நமக்குப் பகை, அதனால் பேசினோம் என்று சொல்லலாம். 1983 அக்டோபரில் அமெரிக்கா கிரெனடா என்ற குட்டித்தீவில் படை இறக்கியது. அமெரிக்கா நமக்கு வேண்டிய நாடு. ஆனாலும் அதைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை ஆதரித்துச் சிங்கப்பூர் வாக்களித்தது. 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தபோதும் அதே பேச்சுத்தான். அந்த முறை நாமே தடைகளும் விதித்தோம். நண்பன் செய்தால் ஒன்று, எதிரி செய்தால் ஒன்று என்று பேசினால், நாளைக்கு நம் வீட்டுக்கதவை ஒருவன் உடைக்கும்போது யார் வருவார்கள்?

இப்போது வெள்ளைப் பாறைக் கதை. இதற்காகத்தான் நான் இன்று வந்தேன்.

சிங்கப்பூர் நீரிணைக்குள் கிழக்கேயிருந்து நுழைகிற வாயிலில், இங்கிருந்து 24 கடல் மைல் தூரத்தில், ஒரு பாறை இருக்கிறது. பெத்ரா பிராங்கா. போர்த்துக்கீசிய மொழியில் வெள்ளைக் கல் என்று அர்த்தம். மலாய்க்காரர்களும் பத்து பூத்தே என்றே சொல்கிறார்கள், அதுவும் வெள்ளைக் கல்தான். கடற்பறவை எச்சம் படிந்து படிந்து வெளுத்துப் போன பாறை. நீளம் 137 மீட்டர். நம் அடுக்குமாடி புளோக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கிற தூரம்தான். அதன் மேல் 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஜொகூர்க் கரைக்கு எட்டு கடல் மைல்கூட இல்லை. அப்படியானால் யாருடையது?

1979இல் மலேசியா ஒரு வரைபடம் வெளியிட்டது. பாறை தங்கள் எல்லைக்குள் என்று காட்டியது. சிங்கப்பூர் மறுத்தது. பேச்சு, கடிதம், மறுபடி பேச்சு. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. இங்கே நான் இரண்டு நாட்டையும் வணங்குகிறேன். யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. 2003இல் இருவரும் சேர்ந்தே ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007 நவம்பரில் வாதம். நம் பக்கம் துணைப் பிரதமர் எஸ். ஜெயக்குமார், தூதர் டாமி கோ, தலைமை நீதிபதி சான் செக் கியோங். கடல்சட்ட மாநாட்டுக்கே தலைமை தாங்கியவர் டாமி கோ.

அங்கே எது பேசியது தெரியுமா? ஒரு கடிதம்.

1953 ஜூன் மாதம். சிங்கப்பூர் அப்போது ஆங்கிலேயர் காலனி. காலனிச் செயலர் அலுவலகம் தன் கடல் எல்லையைக் கணக்குப் பார்க்கும்போது இந்தப் பாறையில் வந்து நின்றது. இது குத்தகையா, கொடையா, காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று ஜொகூருக்கு எழுதிக் கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள். விளக்குக் கட்டி நூறு ஆண்டு ஆகிவிட்டது. நம்முடையது என்று பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரோ ஓர் அதிகாரி ஒழுங்காகக் கேட்டார். யாரோ ஒரு கிராணி, அலுவலக எழுத்தர், அதைத் தட்டச்சு செய்து, எண் போட்டு, தபாலில் சேர்த்தார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஜொகூர் மாநிலத் தற்காலிகச் செயலாளர் எழுதியது. பெத்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசு உரிமை கோரவில்லை என்று ஒரே வரி. தேதி என்ன? 1953 செப்டம்பர் 21. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில்தான் ராஜரத்தினம் ஐ.நா.வில் நின்றார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், ஆதியில் பாறை ஜொகூர் சுல்தானுடையதுதான் என்றது. நம் வாதத்தில் அந்தப் பகுதி எடுபடவில்லை. ஆனால் 1953 கடிதமும் அதற்குப் பிறகு நடந்தவையும் சேர்ந்து, 1980க்குள் உரிமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்றது. பிறகு நடந்தவை என்றால் என்ன? விளக்கில் பறந்த கொடி. பக்கத்துக் கடலில் மோதிய கப்பல்களைப் பற்றி நாம் நடத்திய விசாரணைகள். பாறைக்குப் போக மலேசிய அதிகாரிகளுக்கு நாம் கொடுத்த அனுமதிகள். 1968இல் ஜொகூரைச் சேர்ந்த பீசாங் தீவில் நாம் நடத்திய விளக்கில் சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்ன மலேசியா, இந்தப் பாறைக் கொடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாமே கோப்பில் இருந்தது! 2008 மே 23ஆம் தேதி, 12க்கு 4 என்று தீர்ப்பு. பக்கத்திலிருந்த நடுப்பாறைகள் மலேசியாவுக்குப் போயின. அதையும் நாம் தலைவணங்கி ஏற்றோம். 2017இல் மலேசியா தீர்ப்பைத் திருத்தக் கேட்டது, அதுவும் எதை வைத்து? பிரிட்டிஷ் ஆவணக்காப்பகத்தில் புதிதாகக் கிடைத்த தாள்களை வைத்து. மறு ஆண்டே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தாளுக்குத் தாள்தான் மோதியது. சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

கூட்டாளிகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மணி ஆகிறது. 1992இல் சிங்கப்பூர் முயற்சியில் ஐ.நா.வில் சிறு நாடுகள் மன்றம் தொடங்கியது. தனித்தனியாக யாரும் மதிக்காதவர்கள் இன்று நூற்றுக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். உலக நாடுகளில் பாதிக்கு மேல். இதுவும் துரும்புக் கதைதான், கட்டாகக் கட்டிய துரும்பு.

நான் முப்பத்திரண்டு ஆண்டு கிடங்கு அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்த்தவன். அதனால் அந்த 1953 கிராணியை நான் விட முடியாது. நாடு காகிதத்தைக் காப்பாற்றியது, காகிதம் நாட்டைக் காப்பாற்றியது. நாம் என்ன செய்கிறோம்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய தமிழ்ச் சங்கம், பெயர் வேண்டாம், அலுவலகத்தை இடம் மாற்றியது. கூட்டக்குறிப்புப் புத்தகங்கள் இருபத்தாறு, கட்டிப் பழைய சாமான் வாங்கும் கராங்கூனிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தகவல் வந்து டாக்சியில் ஓடினேன். லாரி போய்விட்டது. அதில் ஒன்றை நான் முன்பு புரட்டியிருக்கிறேன். துறைமுகத் தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தியவர்கள் பெயர், சந்தா தந்தவர்கள் பெயர், ஒரு வெள்ளி, ஐம்பது காசு என்று வரிசையாக இருந்தது. நம் தாத்தாக்கள் இந்த ஊரைக் கட்டியதற்கு வேறு என்ன சாட்சி? நாளை ஒருவர், தமிழர் இங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டால் எதை எடுத்துக் காட்டுவது?

2015இல் சிங்கப்பூரின் ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்தார்கள். அந்தத் தொண்டர்களுக்கு என் வணக்கம். ஆனால் அச்சிட்ட புத்தகம் எங்காவது ஒரு பிரதி கிடைக்கும். உங்கள் அலமாரியில் இருக்கிற கடிதத்துக்கு இரண்டாம் பிரதி கிடையாது. சம்பளச் சீட்டு, சந்தா ரசீது, கப்பல் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வந்த நீல நிற ஏரோகிராம், எதுவும் குப்பையில்லை. வீடு மாறும்போது முதலில் தொலைவது அதுதான்.

மூன்றாவதாகச் சொன்ன ஒற்றுமையைப் பேராசிரியை அம்மாவே விரிவாகப் பேசிவிட்டார், நான் அதைத் தொடவில்லை. செயலாளர் சைகை காட்டுகிறார், முடிக்கிறேன்.

வாசல் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அமிலம் இல்லாத உறைகள் நூறு வாங்கி வைத்திருக்கிறேன், இலவசம். ஸ்கேனரோடு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவார்கள், நகல் மட்டும் போதும். வீட்டுக்கு வரச் சொன்னாலும் வருவார்கள். முதல் உறையில் என் அப்பாவின் சம்பளப் புத்தகத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். 1953இல் தொடங்குகிறது. செப்டம்பர் மாதத்தில் அவர் மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கிறார், என் அக்கா பிறந்ததற்கு. வணக்கம்.