பரணில் கிடக்கும் தொலைநோக்கி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொலைநோக்கி வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: "நிலா நன்றாகத் தெரிந்தது சார். மற்றதெல்லாம் ஒரே மங்கல். இப்போது பரணில் கிடக்கிறது." அப்படிப் பரணில் கிடக்கும் தொலைநோக்கிகளுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் கண்ணாடிக்கு ஒரு குறையும் இருக்காது. உள்ளே இருக்கும் ஆடிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது, அல்லது கருவி நிற்கும் தளம் சுடும், அல்லது தாங்கி ஆடும். மூன்றையுமே வீட்டில் இருந்தபடி சரிசெய்யலாம். பெரிய செலவும் கிடையாது.

பேச்சு வசதிக்கு ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். 6 அங்குல நியூட்டன் வகைத் தொலைநோக்கி. அதாவது குழாயின் அடியில் 150 மில்லிமீட்டர் அகலமுள்ள குழியாடி, வாயருகே சாய்ந்து நிற்கும் சின்னத் துணையாடி, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ். குழியாடியிலிருந்து ஒளி வந்து குவியும் இடம்வரை உள்ள நீளத்தைக் குவியத் தூரம் என்பார்கள், இதில் அது 1200 மில்லிமீட்டர். அதை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது வந்துவிடும். 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மில்லிமீட்டர் போட்டால் 120 மடங்கு. சனியின் வளையம் தெரிய 48 மடங்கே போதும். பெட்டியின்மேல் 600 மடங்கு என்று அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம். 6 அங்குல ஆடிக்கு, காற்று அசையாத நல்ல இரவிலும் 300 மடங்குதான் எல்லை. அதற்குமேல் உருவம் பெரிதாகும், விவரம் கூடாது.

இந்தக் குழாயை ஒரு மரப்பெட்டியில் உட்கார வைத்து, மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் கையால் தள்ளித் திருப்பும் தாங்கிக்கு டாப்சோனியன் என்று பெயர். இதைப் பரப்பியவர் ஜான் டாப்சன். 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் வழிவந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தவர். கையில் காசில்லாமல், பழைய கப்பல்களின் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். 1967இல் மடத்தைவிட்டு வந்த பிறகு, தெருவோரத்தில் தொலைநோக்கியை நிறுத்திப் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார். நம் ஊரில் முதல் தொலைநோக்கி வாங்குகிறவருக்கு நான் சொல்வதும் இந்த வகையைத்தான். அதற்கு விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியுமோ, ஏறக்குறைய அதுதான் ஓர் ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி. பூமியின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும் ஈக்வடோரியல் தாங்கியின் அச்சை அந்தக் கோணத்தில்தான் சாய்க்க வேண்டும். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த தாங்கிகளில் சில இவ்வளவு தாழ்வாக இறங்காது. இறங்கினாலும் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும். அதோடு 10 டிகிரி உயரத்தில் இருக்கும் துருவ நட்சத்திரம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அச்சை எதை வைத்துச் சரிபார்ப்பது? படம் எடுக்கிற எண்ணம் வரும்வரை அந்தத் தாங்கி வேண்டாம்.

இதே அட்சரேகை நமக்குக் கொடுக்கும் வரத்தையும் சொல்ல வேண்டும். வியாழனும் சனியும் நம் நடுவானைக் கடக்கும்போது எந்த ஆண்டிலும் 50 டிகிரிக்கு மேலேயே இருக்கும். லண்டனில் இருப்பவருக்குச் சில ஆண்டுகளில் சனி 20 டிகிரிகூட ஏறாது. தடித்த, கலங்கிய காற்றுப் படலத்தின் வழியாகத்தான் அவர் அதைப் பார்க்க வேண்டும். நாம் தலையை நிமிர்த்தினால் போதும்.

சரி, கருவியைப் பொருத்துவோம்.

முதல் வேலையைப் பகலிலேயே முடித்துவிடலாம். குழாயின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் குறிகாட்டியும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் கோபுரக் கலசத்தையோ செல்போன் கோபுரத்தின் உச்சியையோ பெரிய குழாயின் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு குறிகாட்டியின் திருகுகளைத் திருப்பி, அதன் சிலுவைக் கோட்டிலும் அதே உச்சி வரும்படி செய்யுங்கள். இதைச் செய்யாமல் இரவில் வியாழனைத் தேடுகிறவர் அரை மணி நேரத்தில் சலித்துப்போவார்.

பகல் வேலை என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகலில் குழாய்க்கும் குறிகாட்டிக்கும் மூடி போட்டே வையுங்கள். கண நேரம் போதும், பார்வை போய்விடும், வலிகூடத் தெரியாது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாகக் கங்கண கிரகணம் போனதே, அதுபோன்ற நாளில் ஆசை வரும். அப்போதும் குழாயின் வாயை முழுதாக மூடும், அதற்கென்றே செய்த சூரிய வடிகட்டி இருந்தால்தான் பார்க்கலாம். ஐபீஸில் திருகிப் போடும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடித்துவிடும். உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று வந்திருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது ஆடிகளை நேராக்குவது. கொலிமேஷன் என்பார்கள். பலர் பயப்படுவது இதற்குத்தான். ஐபீஸைக் கழற்றிவிட்டு, நடுவில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் மூடியை அங்கே வைத்து, துளை வழியாகப் பாருங்கள். துணையாடி வட்டமாகத் தெரியும். அதற்குள் பெரிய ஆடியின் பிம்பம் இருக்கும். பெரிய ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் முழுதாகத் தெரிகின்றனவா? ஒன்று மறைந்திருந்தால் துணையாடியின் சின்னத் திருகுகளை ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். இந்த வேலை நடக்கும்போது குழாய் படுக்கையாக இருக்கட்டும். நிமிர்ந்திருந்தால், கை தவறி விழும் ஆலன் கீ நேராகப் பெரிய ஆடியின் மேல்தான் விழும்.

அப்புறம் குழாயின் பின்பக்கம் வாருங்கள். அங்கே சுருள்வில் வைத்த மூன்று திருகுகள் பெரிய ஆடியைச் சாய்க்கும். பூட்டுத் திருகுகள் இருந்தால் முதலில் அவற்றைத் தளர்த்திவிடுங்கள். ஆடியின் நடுவில் சின்ன வளையம் ஒன்று ஒட்டியிருப்பார்கள். அது துணையாடியின் நிழலில் இருப்பதால் பார்வையைக் கெடுக்காது. நீங்கள் பார்க்கும் துளையின் பிம்பம் அந்த வளையத்துக்குள் வரும்வரை திருப்புங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் திருப்பினால் ஐந்து நிமிட வேலை.

சரியாக வந்ததா என்பதை இரவில் ஒரு நட்சத்திரம் சொல்லிவிடும். 10 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்வையின் நட்டநடுவில் வைத்து, குவியத்தைச் சற்றே கலையுங்கள். புள்ளி விரிந்து, நடுவில் கறுப்பு வட்டமும் சுற்றிலும் மெல்லிய ஒளி வளையங்களுமாக மாறும். கறுப்பு வட்டம் நட்டநடுவில் இருந்தால் ஆடிகள் நேர். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின் திருகுகளைத் துளித்துளியாகத் தொடுங்கள். ஒவ்வொரு முறையும் நட்சத்திரம் நகர்ந்துவிடும், திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இந்தச் சோதனைக்கு அசையாத துருவ நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லும் கையேடுகள் உண்டு. நமக்கு அது தொடுவானத்துப் புழுதியில் தத்தளித்துக்கொண்டிருக்கும். உயரத்தில் இருக்கும் வேறு நட்சத்திரமே மேல்.

இவ்வளவும் செய்த பிறகும் வியாழன் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளிகிறதா? அது மாடியின் வேலை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூடான காற்று குழாயின் வாய்க்கு முன்னால்தான் எழும்பி வருகிறது. சாயங்காலமே தளத்தில் தண்ணீர் தெளித்துக் காய விடுங்கள். கருவியின் கீழும் சுற்றிலும் கோணிச் சாக்கோ தென்னங்கயிற்றுப் பாயோ விரியுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த ஆடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சாப்பிடப் போகுமுன் குழாயை வெளியே வைத்துவிட்டால் திரும்பி வரும்போது தயாராக இருக்கும். கிரகங்களைப் பார்க்க விடியற்காலை நான்கு மணிக்கு நிகர் கிடையாது. தளமும் ஆறியிருக்கும், ஊரும் அடங்கியிருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் கொல்லையோ மண்தரையோ இருந்தால் மாடியே வேண்டாம். மண் சீக்கிரம் ஆறும், அதிரவும் அதிராது. மாடியில் ஒருவர் நடந்தாலே 120 மடங்கில் சனி துள்ளும். ஆடாத அடித்தளத்தின் அருமையை நம் ஊர் அன்றே அறிந்திருந்தது. 1792இல் சென்னை வான்நோக்கு நிலையத்தைக் கட்டியபோது, கருவியைத் தாங்கப் பெரிய கருங்கல் தூண் ஒன்றை நட்டார்கள். தமிழிலும் எழுத்துப் பொறித்த அந்தத் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னையில் இருப்பவர்கள் ஒருமுறை அனுமதி பெற்றுப் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

இனி பராமரிப்பு. ஆடியில் தூசி படிந்தால் உடனே துணியை எடுக்கிறோம் பாருங்கள், அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். ஆடியின் பளபளப்பு, கண்ணாடியின் மேல் பூசிய அலுமினியப் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் தூசியில் இருக்கும் மணல் அதைக் கீறிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் பயங்கரமாகத்தான் தெரியும். லேசான தூசியால் இழப்பது மிகச் சிறிது ஒளி, கீறல் போட்டுவிட்டால் போட்டதுதான். காற்றடிக்கும் ரப்பர் பந்தால் ஊதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

நிஜமாகவே அழுக்கேறினால், ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கழுவலாம். ஆடியை அதன் தாங்கியோடு கழற்றுமுன், குழாயிலும் தாங்கியிலும் பென்சிலால் ஒரே நேரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது உதவும். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டை மடித்துப் போட்டு, ஆடியை மேல்முகமாக வைத்து, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுச் சிறிது நேரம் ஊற விடுங்கள். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சை நனைத்து, அதன் எடையாலேயே ஆடியின்மேல் ஒருமுறை இழுங்கள், விரலால் அழுத்த வேண்டாம். ஓர் இழுப்புக்கு ஒரு பஞ்சு, அதோடு அதைப் போட்டுவிடுங்கள். கடைசி அலசலுக்குப் போர்வெல் தண்ணீர் ஆகாது, உப்புத் திட்டுகள் காய்ந்து நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், ஆசிட் கலக்காததுதானா என்று பார்த்து வாங்குங்கள். ஆடியைச் சாய்த்து நிறுத்தினால் தண்ணீர் வழிந்துவிடும். எஞ்சிய சொட்டை டிஷ்யூவின் நுனியால் ஒற்றி எடுங்கள். மாட்டிய பிறகு கொலிமேஷனை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு பேணினாலும் அலுமினியப் பூச்சு காலப்போக்கில் மங்கும், கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதைச் சீக்கிரமே மங்க வைக்கும். அதற்காக ஆடி வீணாகாது, பழைய பூச்சை நீக்கிப் புதிதாகப் பூசலாம். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடிக்கும் அவ்வப்போது புதுப் பூச்சு போடுகிறார்கள்.

தூசியைவிடப் பெரிய எதிரி ஈரம். மார்கழிப் பனியில் குழாய் நனைந்து வந்தால் அப்படியே மூடி போடாதீர்கள். மின்விசிறிக்குக் கீழே உலர்ந்த பிறகு மூடுங்கள். ஈரத்தோடு மூடிய ஐபீஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெள்ளை வேர்போல் படர்ந்து, வில்லையின் பூச்சையே அரித்துவிடும். ஐபீஸ்களைத் தோல் பையில் வைக்க வேண்டாம், தோல் பூஞ்சைக்குப் பிடித்த இடம். அடுக்களையில் இருக்கும் காற்றுப்புகாத டப்பா ஒன்றை எடுத்து, அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு வையுங்கள். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பானால் வறுத்தோ வெயிலில் காய வைத்தோ திரும்பப் பயன்படுத்தலாம். வறுப்பதானால் அதற்கென்று தனிச் சட்டி இருக்கட்டும், சமையலுக்கு அதை எடுக்கக் கூடாது.

டாப்சோனியனின் அடிப்பெட்டி பெரும்பாலும் மரத்தூள் பலகை. ஈரத்தரையில் வைத்தால் ஊதிப்போகும். ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்து, இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். குழாயின் இரு முனையும் திறந்திருந்தால் குளவி கூடு கட்டும், பல்லி முட்டை வைக்கும். வாய்க்கு மூடியும், பின்பக்கத்துக்குப் பழைய வேட்டித் துணியும் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நமக்கு வானம் கிடைக்காது. அந்த இரண்டு மாதமும் கருவி உள்ளறையில் உலர்ந்து இருக்கட்டும். தை பிறந்ததும் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தில் தொடங்குங்கள். சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே திரும்பி ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகத் திரண்டது அது. லண்டன்காரருக்கு அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மதுரையில் 30 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். 25 மில்லிமீட்டர் ஐபீஸே போதும். முதலில் மங்கிய பஞ்சுபோல் தெரியும். அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே இருங்கள், ஓரத்திலிருந்து ஒவ்வொரு நட்சத்திரமாகப் பிரிய ஆரம்பிக்கும்.

நன்றி, வணக்கம்.